ஊர் சிரிக்க வளர்ந்த தொப்பி

தேசிய கால்பந்து அணியின் புதிய பயிற்சியாளர் போட்டிருந்த தொப்பி, அதைப் பற்றி யாராவது கேலி பேசும்போதெல்லாம் கொஞ்சம் வளர்ந்தது. சுமாரான கேலிக்கு ஒரு நூல் அளவு, நல்ல கேலிக்கு ஒரு விரற்கடை, கேட்டவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற கேலிக்கு ஒரு சாண்கூட. கேலி எங்கே பேசப்பட்டது என்பது தொப்பிக்கு ஒரு பொருட்டில்லை. நாட்டின் வடகோடியில் ஒரு சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் சொல்லிச் சிரித்தாலும், தலைநகரில் ஆணியில் தொங்கிய தொப்பிக்கு அது வந்து சேர்ந்துவிடும். இதை முதலில் கவனித்தவர் பயிற்சியாளரின் அக்கா, ஏனென்றால் அந்த ஆணி அவர் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. காலையில் ஆணிக்குக் கீழே விளக்கு ஸ்விட்ச் முழுசாகத் தெரிந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், தொப்பியைத் தூக்கிவிட்டுத்தான் விளக்கைப் போட வேண்டியிருந்தது. மழையில் கதவு உப்புகிறது, வெயிலில் துணி வெளுக்கிறது, கேலியில் தொப்பி வளரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அக்கா உருளைக்கிழங்கு நறுக்கப் போனார்.

அக்கா மைதான ரூட் பஸ்ஸில் கண்டக்டர். ஏறுகிற பெரியவர், சின்னவர் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டதால், நிஜத்தில் அவர் யாருக்கு அக்கா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தொப்பியை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து தம்பி அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தார். சின்னச் சின்னக் கிளப்புகளுக்குப் பயிற்சி கொடுத்து, தலைமுடியை எல்லாம் வெயிலுக்குக் கொடுத்து, கடைசியில் தேசிய அணியே கூப்பிட்ட செய்தி வந்தபோது, அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் போனார். கப்பலில் வந்து தேங்கிப்போன சாமான்களைக் குவித்து விற்கிற பெரிய கடை அங்கே உண்டு. குவியலுக்கு நடுவில் இந்தத் தொப்பி கிடந்தது. அழுத்தமாகப் பின்னிய நல்ல வைக்கோல், அகலமான விளிம்பு, தாடைக்குக் கீழே முடிந்துகொள்ளச் சிவப்பு நாடா, இரண்டு பக்கமும் துணி வைத்துத் தைத்த நீளமான ஓட்டை. ஓட்டை காற்றோட்டத்துக்கு என்று அக்காவே முடிவு செய்தார். நாடாவில் தொங்கிய அட்டையில் என்னவோ எழுதியிருந்தது. அந்த எழுத்து கடைக்காரருக்கும் தெரியாது. தம்பி போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் பத்திரிகையாளர் கூட்டத்திலேயே சிரிப்பு ஆரம்பித்தது. கேள்வி கேட்க எழுந்தவர் கேள்வியை மறந்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன் தொப்பிப் பேச்சைத்தான் எடுத்தார்கள். இந்தக் கச்சேரிக்குத் தலைவர் ஒரு பிளம்பர். இந்தக் கோலில் நின்று பேசினால் அந்தக் கோல் வரை கேட்கிற குரல் என்பதால் அவரைத் தொண்டை என்று கூப்பிட்டார்கள். குழாயும் ஸ்பானரும் இருக்கிற பையை மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டிலிருந்து பஸ் முழுவதற்கும் அவர் அறிவித்தார்: "ரெண்டு பக்கமும் ஓட்டை எதுக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன். ஆட்டத் திட்டம் ஒரு பக்கம் உள்ள வந்து இன்னொரு பக்கம் வெளிய போயிடறதுக்கு." பஸ் குலுங்கியது, பள்ளத்தினால் இல்லை. நம் ஆட்கள் அடிக்கிற பந்து கோலுக்குள் போகாது என்று தெரிந்து மனிதர் தலையிலேயே கூடை வைத்திருக்கிறார் என்றார் ஒரு தையல்காரர். முதலில் கால்பந்துச் சங்கம் தொப்பியைத்தான் தேர்ந்தெடுத்தது, அதற்குப் பொருத்தமான ஆளைப் பிறகு தேடிப் பிடித்தார்கள் என்றார் இன்னொருவர். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, உள்ளே தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க என்று சொல்லிக்கொண்டு, டிக்கெட்டைத் தேவைக்கு மேல் வேகமாகக் கிழித்தார். அந்தப் பஸ்ஸிலேயே, ஏன் அந்த நாட்டிலேயே, தொப்பியைப் பார்த்துச் சிரிப்பு வராத ஒரே ஆள் அவர்தான்.

அந்த ரசிகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அணி தோற்றுத் தோற்று, வெற்றி எப்படியிருக்கும் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாயால் விவரித்துச் சொல்கிற நிலை வந்திருந்தது. ரசிகர்களிடம் மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது வேறெந்த இடத்தையும் விட அந்த மைதானத்துக்குத்தான் பொருந்தும். அங்கே திட்டுகிற திட்டு காற்றில் போகாது. ஆட்டக்காரர்களின் காலில் போய் இறங்கும். ஆட்டம் முடிந்து புல் சரிசெய்ய வருகிற ஆட்கள், காய்ந்த தரையில் கணுக்கால் ஆழத்துக்குப் பூட்ஸ் தடம் பார்த்திருக்கிறார்கள். நம் அணியின் தடம் மட்டும்தான் அப்படி. எதிரணிக்காரர்களின் தடம் புல்லின் மேலேயே இருக்கும். நெட்டை என்று பெயர் வாங்கிய ஸ்ட்ரைக்கர் ஒரு பெனால்டியை வெளியே அடித்த வாரம், பல் வலி என்று போன அவருடைய அம்மாவுக்குப் பல் டாக்டர் வலிக்காத பல்லைப் பிடுங்கிவிட்டு, இப்போது கணக்குச் சரி என்றாராம். அதற்குப் பிறகு நெட்டை பஸ்ஸில் வந்தால் கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிப் படியில் வைத்து ஏறுவார். அக்கா விசில் ஊதாமல் காத்திருப்பார்.

புதிய பயிற்சியாளரின் முதல் ஆட்டத்தில் ஸ்டாண்ட் முழுவதும் தொப்பியிலேயே மும்முரமாக இருந்ததால், ஆட்டக்காரர்களைத் திட்ட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. தோற்காமல் வெளியே வருவது எப்படி என்று தெரியாத கூட்டம் வாசலில் கொஞ்ச நேரம் முட்டி மோதிக்கொண்டு நின்றது. புல்லில் தடம் அவ்வளவு ஆழமில்லை என்று புல் ஆட்கள் சொன்னார்கள். அக்காவுக்குச் சந்தோஷமான சந்தோஷம். அதே வாரத்தில்தான் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. கடற்கரைச் சாலையில் பஸ் சிக்னலுக்கு நின்றபோது, அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றுகிற குதிரை ஒன்று வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் வைக்கோல் தொப்பி. தாடைக்குக் கீழே சிவப்பு நாடா. இரண்டு பக்கமும் துணி வைத்துத் தைத்த நீளமான ஓட்டை. ஓட்டை வழியாகக் குதிரையின் காதுகள் இரண்டும் வெளியே வந்து, சௌகரியமாக ஆடிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நாலைந்து நிறுத்தங்களுக்கு அக்கா யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. ஏறினவர்கள் ஏறினார்கள், இறங்கினவர்கள் இறங்கினார்கள். சிக்னலில் நின்றபோதே டிரைவர் தலைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் அவரைப் பார்த்தார், குதிரையைத் திரும்பிப் பார்த்தார், வாயை இறுக மூடிக்கொண்டு கியரைப் போட்டார். பல வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலை பார்க்கிறவர் என்ற முறையில் பயிற்சியாளர் யாருடைய தம்பி என்பது அவருக்கு மட்டும் தெரியும். இதுவரை ஊர் சிரித்தது தெரியாமல் சிரித்த சிரிப்பு. விஷயம் தெரிந்தால் தம்பி இந்த நாட்டில் தலைகாட்ட முடியாது; அந்தத் தலையில் அதை வைத்தது கூடப்பிறந்தவள். அன்று சாயங்காலமே நல்ல கடையாகப் பார்த்து, மனிதர்கள் வருகிறார்களா, வாங்குகிறார்களா, தலையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறார்களா என்று நின்று பார்த்து, கறுப்பாக ஒரு தொப்பி வாங்கிவந்தார். தம்பி அதை அழகாக இருக்கிறது என்று சொல்லி ஆணியில் மாட்டிவிட்டு, பழையதையே எடுத்தார். அக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஊரே சிரிக்குதேடா என்றார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, உடைந்த முழங்காலை நீட்டித் தடவிக்கொண்டார்.

"சிரிக்கட்டும்க்கா. என் தலையை எவ்வளவு வேணா அடிக்கட்டும். பையங்க காலு சும்மா இருக்குல்ல."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே காலுக்கு வந்தது தொப்பியோடு போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவர் தொப்பியை மாற்றச் சொல்லவில்லை. குதிரை விஷயத்தை மட்டும் மனசுக்குள் தள்ளி, மூடி போட்டு வைத்தார்.

தொப்பி வளர்ந்தது. விளிம்பு தொங்கிக் கண்ணை மறைத்தபோது, பஸ்ஸில் ஆட்கள் மறந்துவிட்டுப் போய் டிப்போவில் கேட்பாரற்றுக் கிடந்த குடைகளைச் சொல்லிவிட்டு எடுத்துவந்து, கம்பிகளைப் பிரித்து, அக்கா விளிம்பைச் சுற்றிலும் வைத்துத் தைத்தார். இப்போது தொப்பியை மடக்கிக்கொண்டு கதவில் நுழையலாம், உள்ளே போய் விரித்துக்கொள்ளலாம். டி.வி.யில் அதைப் பார்த்த நாடு இரண்டு நாள் வேலை செய்யவில்லை. தம்பி பஸ்ஸில் வந்தபோது, மடியில் அடங்காத சாமானுக்கு லக்கேஜ் டிக்கெட் என்பது சட்டம் என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்க்காமலேயே அக்கா தொப்பிக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தார். தொண்டை அதைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு அரை டிக்கெட் போதும், தொப்பிக்குத்தான் முழு டிக்கெட் போட வேண்டும் என்றார். அந்த ஒரு பேச்சுக்கே பஸ்ஸின் நடுப்பாதை அடைத்துக்கொண்டது. அணி ஜெயித்தது. முதலில் ஒரு கோல், பிறகு இரண்டு, பிறகு மழையில், பிறகு வெளிநாட்டில். நெட்டை படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அவருடைய அம்மாவுக்குப் பல் டாக்டர் தானாகவே வீட்டுக்கு வந்து புதுப் பல் கட்டிவிட்டுப் போனார். அந்த வருஷம் பெரிய கோப்பைப் போட்டி இந்த நாட்டில்தான் நடந்தது, இந்த அணி அரையிறுதியையும் தாண்டியது. தொப்பியின் நிழலில் மாற்று ஆட்டக்காரர்கள், டாக்டர், தண்ணீர் பாட்டில் பெட்டிகள், புகைப்படக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மரியாதை வந்து சேர்ந்தது. கால்பந்துச் சங்கத் தலைவர், நாலு மாதத்துக்கு முன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்தவர், இப்போது தொப்பியைக் கேலி செய்வது நாட்டைக் கேலி செய்வது என்று அறிக்கை விட்டார். அறிக்கைக்குப் பயந்து ஜனங்கள் அடங்கவில்லை. உண்மையிலேயே அவர்களுக்குப் பக்தி வந்துவிட்டது, அதுதான் கொடுமை. இவ்வளவு பெரிய மனிதரையா இத்தனை நாள் கிண்டல் செய்தோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொப்பி போகிற வழியில் பேச்சை நிறுத்தி எழுந்து நின்றார்கள். தொண்டை தன் பழைய ஜோக்குகளுக்காகப் பஸ்ஸில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். இனிமேல் என் வாயிலிருந்து தொப்பி என்ற சொல்லே வராது, வேண்டுமானால் தலையணி என்பேன் என்றார். பின் சீட்டு பாடசாலை முன் வரிசை மாதிரி ஆகிவிட்டது. கேலி பண்ணவே பிறந்த ஜனங்கள் ஒரே வாரத்தில் மரியாதை பழகினார்கள். பழக்கமில்லாததால் அளவு தெரியாமல் பண்ணினார்கள்.

தொப்பி சுருங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு காலையும் ஆணிக்குக் கீழே ஸ்விட்ச் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கம்பிகள் விளிம்புக்கு வெளியே முள்முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றதால் அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். இறுதிப் போட்டியன்று காலை அது பழையபடி ஒரு தலையளவுக்கு வந்திருந்தது. தம்பி அதைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகக் குடிக்கிற தேநீரைக் குடிக்காமல் போனார். மரியாதையில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. தொப்பியை ஒன்றும் சொல்லக் கூடாது என்றான பிறகு, சொல்லியே பழகின வாய்கள் சும்மா இருக்குமா? மத்தியானம் பஸ்ஸில் அக்கா கேட்டது பூராவும் ஆட்டக்காரர்களைப் பற்றி. இவ்வளவு பெரிய பயிற்சியாளரின் மானத்தை இந்தப் பயல்கள் காப்பாற்றுவார்களா, அந்த நெட்டை மட்டும் இன்றைக்குப் பந்தை வெளியே அடிக்கட்டும், அப்புறம் இருக்கிறது என்றார்கள். டிரைவர் பஸ்ஸை மைதான நிறுத்தத்தில் ஓரங்கட்டினார். அது கூரையில்லாத நிறுத்தம். வெயிலானால் வெயில், மழையானால் மழை என்று ஜனங்கள் நிற்பார்கள். கூரை போடுவதாக நகராட்சி சொல்லத் தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. டிரைவரும் அக்காவும், தம்பி கொடுத்த நுழைவுச் சீட்டுகளோடு காக்கி உடுப்பிலேயே உள்ளே போனார்கள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நெட்டை புல்லிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார். கோல்கீப்பர் முழங்கால் வரை இறங்கி, செடி மாதிரி நின்ற இடத்தில் நின்றார். எதிரணி, அதுவரை எந்த இறுதியிலும் தோற்காத அணி, அவர் பக்கத்தில் நடந்து போய் ஒரு கோல் போட்டது. திரும்பி வந்து இன்னொன்று போட்டது. ஒவ்வொரு கோலுக்கும் ஸ்டாண்டிலிருந்து பழைய வசவுகள், தூசி தட்டி எடுத்தது போல, கொத்துக் கொத்தாகக் கீழே இறங்கின. ஓய்வு நேரம் முடிந்து பயிற்சியாளர் வெளியே வந்தபோது அவருடைய மொட்டைத் தலையின் உச்சியில் தொப்பி ஒரு சோடா மூடி அளவுக்கு இருந்தது. அதைப் பார்த்தும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அறுபதாயிரம் பேர் எழுந்து, மரியாதையாக, சத்தமில்லாமல் நின்றார்கள். பக்கத்தில் நின்ற டிரைவர் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தக் குதிரையை நானும்தான் பாத்தேன். இன்னைக்குச் சொல்லிடுங்க."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். சொன்னால் அவமானம் தம்பிக்கு, காலத்துக்கும் நிற்கும். சொல்லாவிட்டால் அந்தப் பதினோரு பேர் இந்தப் புல்லிலேயே புதைந்துவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தம்பிதான். அவர் இருக்கைமேல் ஏறி, சட்டைப் பையிலிருந்த கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார். அந்த ரூட்டில் ஒரு தடவையாவது போயிருக்கிறவர்கள் எல்லாரும் அனிச்சையாகக் கம்பியைத் தேடிப் பிடித்தார்கள். பேச்சில்லாமல் இருந்த மைதானத்தில் அக்காவின் பஸ் குரல் தெளிவாகக் கேட்டது.

"இந்தத் தொப்பியை வாங்கிக் குடுத்தது நான்தான். நான் அவனோட அக்கா, கூடப்பிறந்த அக்கா. ரெண்டு பக்கமும் ஓட்டை எதுக்குன்னு இவ்வளவு நாளா கேட்டீங்களே. குதிரைக் காது வெளிய வர்றதுக்கு. கடற்கரையில சவாரிக்கு நிக்குதே, அந்தக் குதிரைக்குப் போடற தொப்பி அது. தெரியாம என் தம்பிக்கு வாங்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு அவர் மேலும் சொன்னார்: "என்ன பண்றது, அளவு சரியா இருந்துச்சு."

தொண்டை நாலு வரிசை கீழே நின்றுகொண்டிருந்தார். அவர் கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் கோத்து நின்றது. சிரிக்கலாமாக்கா என்று கேட்டார். சிரிக்கத்தானே சொன்னேன் என்றார் அக்கா. அப்போது மைதானத்து ஓரத்தில் பயிற்சியாளர், பதவிக்கு வந்த நாளிலிருந்து கேமராவுக்கு முன்னால் ஒரு சின்னப் புன்னகைகூடக் காட்டாதவர், அக்கா நின்ற பக்கம் நன்றாகத் திரும்பி, கழுத்தை நீட்டி, உதட்டைப் படபடவென்று அடித்து, அப்பழுக்கில்லாமல் குதிரை மாதிரி கனைத்தார்.

தொண்டைதான் முதலில் உடைந்தார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் புகைப்படக்காரரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. சிரிப்புக்கு நடுவிலேயே அவர் அக்கா சொன்னதைத் திருப்பிச் சொல்ல, கிழக்கு ஸ்டாண்ட் கேட்டது. கிழக்கு வடக்குக்குச் சொன்னது. வடக்கிலிருந்து மேற்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கதையே மாறி, தொப்பி மனிதத் தொப்பிதான், பயிற்சியாளர்தான் குதிரை என்றாகியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பூட்ஸ் வேண்டாம், லாடம் அடித்தால் போதும் என்றார்கள். தோற்றால் சங்கத் தலைவரை வண்டியில் வைத்து இழுக்கவிடலாம் என்றார்கள். சங்கத் தலைவரே அதற்குச் சிரித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். நாள்கணக்கில் அடக்கி வைத்த கேலி எல்லாம் அணை உடைத்துக்கொண்டு வந்தது. சோடா மூடி தட்டானது, தட்டு குடையானது, குடை கூடாரமானது. எதிரணியின் ஆட்டக்காரர்கள் மேலே பார்த்தபடி நின்றார்கள். அவர்களும் சிரிக்கவே செய்தார்கள், அதில் தப்பில்லை. புல்லிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம், பாட்டில் மூடி திறப்பது போல, பதினோரு ஆட்டக்காரர்களிடமிருந்தும் கேட்டது.

நெட்டை முதல் கோலைத் தலையால் அடித்தார். தரையில் நின்றுகொண்டு அடிக்கவில்லை. கோல் கம்பத்துக்கு மேலிருந்து இறங்கி வருகிற வழியில் அடித்தார். இரண்டாவது கோலை, யாரும் எதிர்பார்க்காத தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர், சிரித்துக்கொண்டே நடு மைதானத்திலிருந்து ஓடிவந்து போட்டார். அப்போது காற்று எழுந்து தொப்பிக்குள் புகுந்தது. பயிற்சியாளர் மெதுவாகத் தரையை விட்டு எழும்பினார். சிவப்பு நாடா தாடைக்குக் கீழே இறுகியிருந்ததால் தொப்பி போகிற இடத்துக்கு அவரும் போக வேண்டியிருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள், நல்ல முழங்காலை ஒருவர், உடைந்த முழங்காலை ஒருவர் பதமாக. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி விதிகளைப் புரட்டினார். பயிற்சியாளர் தனக்கு ஒதுக்கிய கோட்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது, எவ்வளவு உயரத்தில் நிற்கலாம் என்று ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. மேலிருந்து பார்க்கிறவருக்கு எதிரணியின் இடது பக்கம் திறந்து கிடப்பது தெரியாமல் போகுமா? அவர் கையை நீட்டினார். நெட்டை அந்தப் பக்கம் ஓடினார். மூன்றாவது கோல் விழுந்தபோது அக்கா விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதி மைதானம் உள்ளே இறங்கிவிட்டது, நிஜ விசில் யாருக்கும் கேட்கவில்லை. கோப்பை எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்கு இனிமேல் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அணிக்கென்று அலங்காரம் செய்த வண்டி ஜனக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டதால், அவர்கள் மைதான ரூட் பஸ்ஸில்தான் திரும்பினார்கள். தொப்பியைக் கழற்றத்தான் முடிந்தது, வாசல் வழியாக வெளியே கொண்டுவர முடியவில்லை. கோப்பை எஞ்சின் மூடிமேல் டிரைவர் பக்கத்தில் இருந்தது. அக்கா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடியில் அடங்காத சாமான் என்பதால் லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்தார். தம்பி மொட்டைத் தலையோடு கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். மன்னிச்சுக்கோடா, கடையில பாத்தப்ப தெரியலை என்று அக்கா ஆரம்பித்தார். தம்பி பாதியிலேயே தடுத்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும்க்கா. அந்த அட்டையில குதிரைப் படம் போட்டிருந்துச்சே."

அக்கா எழுத்தைத்தான் பார்த்திருந்தார், அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. அப்புறம் ஏண்டா போட்டுக்கிட்டே என்று கேட்டார். நீ வாங்கிக் குடுத்ததாச்சே என்றார் தம்பி. பின் சீட்டில் இதைக் கேட்ட தொண்டை, நல்லவேளை அக்கா அன்று கடிவாளம் வாங்கவில்லை என்று பஸ் முழுவதற்கும் அறிவித்தார். அக்கா சிரித்தார். தொப்பி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியாமல் சிரித்தார். அந்த நேரத்தில் மைதானத்தில் புல் சரிசெய்துகொண்டிருந்தவர்கள், தொப்பி ஒரே மூச்சில் மேற்கு ஸ்டாண்டைத் தாண்டிப் போய் மறுபக்கச் சுவரில் உட்கார்ந்ததாகச் சொன்னார்கள்.

தம்பி அதற்குப் பிறகு பல வருஷம் அணியை நடத்தினார், ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. தோற்ற நாளிலும் தடம் புல்லின் மேலேயே இருந்தது. சங்கத் தலைவர் மரியாதை அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வாரம் ஒரு ஜோக்காவது சொல்லும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தொப்பி மைதானத்தின் கூரையாக அங்கேயே தங்கிவிட்டது. காது ஓட்டைகள் வழியாகப் புறாக்கள் வந்து போகின்றன. அவற்றுக்கு நேர் கீழே உட்காருகிறவர்கள் மழை நாளில் குடை கொண்டுபோகிறார்கள், ஆட்டம் முடிந்து அந்தக் குடைகளை வழக்கம்போல அக்காவின் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிறார்கள். விளிம்பு வெளிச்சுவரைத் தாண்டிச் சாலைப் பக்கம் வளர்ந்து வந்தபோது நகராட்சி பஸ் நிறுத்தத்துக் கூரைத் திட்டத்தைக் கைவிட்டு, இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி என்று பொதுமக்களுக்குத் தெரிவித்தது. தொண்டை குழாய் வேலையை இரண்டு நாள் ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தார். போன மழைக்காலத்திலிருந்து மைதான நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் யாரும் நனைவதில்லை.